மின்னெசாங் பாடல்களைத் தமிழில் வாசிக்க, பாட: லிண்டன் மரம் எலுமிச்சையா?

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் அடுத்த மாதம் மின்னெசாங், அதாவது 12, 13ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அரசவைக் காதல் பாட்டு. இடம் காரைக்குடியில் ஒரு வீட்டு வளவு. ஐம்பது பேர் வருவார்கள். பாதிப் பேருக்குக் குறுந்தொகை மனப்பாடம். நேரம் 40 நிமிடம், மைக் கிடையாது. கர்நாடக சங்கீதம் படித்த ஒரு பெண் பாடித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வால்ட்டர் ஃபொன் டேர் ஃபோகெல்வைடெ என்ற அந்தக் காலப் புலவரின் 'உண்டர் டெர் லிண்டென்' ('லிண்டன் மரத்தடியில்') பாட்டின் முதல் பத்தியை ஆங்கில வழியாக இப்படிப் பெயர்த்திருக்கிறேன்:

எலுமிச்சை மரத்தின் கீழே
புல்வெளியின் மீது
தலைவனும் யானும் துயின்ற படுக்கை;
அங்கே நீங்கள் காணலாம்
அழகாக இரண்டையும்,
உடைந்த மலர்களும் புல்லும்.
கானகத்தின் முன் பள்ளத்தாக்கில்,
தந்தனத்தோம்!
இனிதாய்ப் பாடிற்று வானம்பாடி.

ஏதோ ஒட்டவில்லை, எது என்று பிடிபடவில்லை. இதைக் 'கைக்கிளை', அதாவது ஒருதலைக் காமம், என்று அறிமுகப்படுத்தலாமா? மூலத்தை ஓரிரு வரியாவது வாசித்துக் காட்ட ஆசை, உச்சரிப்பு எப்படி? மெட்டு இருக்கிறதா, அல்லது ஏதாவது ராகத்தில் நாமே அமைத்துக்கொள்ளலாமா? வேறு எந்தப் பாட்டுகளைச் சேர்க்கலாம்?

---

குறில்நெடில் எழுதியது:

முதலில் மரம். ஆங்கிலத்தில் லிண்டனுக்கு 'லைம் மரம்' என்றும் பெயர் உண்டு. எலுமிச்சை உள்ளே நுழைந்தது அந்த வழியாகத்தான். லிண்டன் முள்ளில்லாத பெருமரம், இலை இதய வடிவம், ஜூன் வாக்கில் மணமுள்ள பூ. அங்கே ஊர்ப் பொது மரம் அது. கூட்டமும் ஆட்டமும் அதன் நிழலில் நடக்கும். தாவரக் குடும்பத்தில் நம் பூவரசுக்கு அது உறவு, இலையும் ஏறக்குறைய அதே வடிவம். அதற்காகப் பூவரசு என்று மாற்றிவிடாதீர்கள். பாட்டு குளக்கரைக்கு வந்துவிடும். 'லிண்டன்' என்றே வைத்து, பாடுவதற்கு முன் ஒரு வாக்கியத்தில் மரத்தைச் சொல்லிவிடுங்கள்.

வானம்பாடி பகலில், உயரப் பறந்துகொண்டே பாடுகிற வேறு பறவை. மூலத்தில் இருப்பது 'நஹ்டெகல்': நஹ்ட் என்றால் இரவு, கல் என்பது பாடுதலைக் குறிக்கும் பழைய வேர். சொல்லுக்குச் சொல் 'இராப்பாடி'. குயிலும் வேண்டாம், குயில் கூவினால் நம் காதில் விடியலும் மாந்தோப்பும் வரும்.

'தலைவன்' தான் பெரிய சிக்கல். மூலத்தில் அந்தப் பெண் சொல்வது 'எங்கள் இருவர் படுக்கை' என்று மட்டும். அடுத்த பத்தியில் அவனை 'ஃப்ரியெடெல்' என்கிறாள். நெருக்கமான, நாட்டுப்புறச் சாயல் உள்ள சொல், 'என் ஆள்', 'என்னவன்' மாதிரி. தலைவன், தலைவி, யான், துயின்ற என்று போட்டதும் பாட்டுக்குப் பொன்னாடை போர்த்தியதாகிவிட்டது. அவள் பேசுவது எளிய பேச்சு, கொஞ்சம் கண்சிமிட்டலோடு.

அடுத்தது வடிவம். ஒவ்வொரு பத்தியும் ஒன்பது வரி. முதல் மூன்று வரி ஒரு கால், அடுத்த மூன்று வரி அதே மெட்டில் இன்னொரு கால், ஜெர்மனில் 'ஷ்டொல்லென்'. மீதி மூன்று வரி வேறு மெட்டு, 'அப்கெசாங்'. வரியிறுதி இயைபு: 1க்கு 4, 2க்கு 5, 3க்கு 6, 7க்கு 9. எட்டாவது வரி 'டண்டரடெய்' தனியாக நிற்கும், எதோடும் சேராது. உங்கள் பெயர்ப்பில் இந்தக் கட்டு முழுக்கக் காணாமல் போயிருக்கிறது. பாடும்போது இரண்டாவது கால் முதலாவதன் எதிரொலி என்பது கேட்பவருக்குத் தெரியவே தெரியாது.

வரியிறுதி இயைபைத் தமிழில் அப்படியே கொண்டுவந்தால் சினிமாப் பாட்டு வாடை அடிக்கும். நம் காது தேடுவது வரித் தலையில் எதுகையை. ஆகவே இயைபு இருந்த இணைகளில் எதுகையை வையுங்கள்:

லிண்டன் மரத்தடியில்,
வெட்டவெளி ஓரத்தில்,
இருவர் படுக்கை எமக்கிருந்த இடத்தில்
கண்டிடலாம் நீங்கள்
கட்டழகு மாறாமல்
ஒருசேர முறிந்த பூவையும் புல்லையும்.
காட்டுக்கு முன்னே, ஒரு பள்ளத் தாக்கில்,
தந்தரதெய்!
பாட்டழகாய்ப் பாடியது இராப்பாடி.

லிண்/கண், வெட்/கட், இரு/ஒரு, காட்/பாட். எட்டாம் வரி மூலத்தைப் போலவே அநாதையாக நிற்கிறது. 'தந்தனத்தோம்' போட்டால் வில்லுப்பாட்டு தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். சபை சிரித்துவிட்டால் அடுத்த வரியின் இராப்பாடி காதில் விழாது. பறவைக் குரலைப் போலச் செய்யும் பொருளற்ற ஒலி அது, பெயர்க்கவே வேண்டாம்.

மற்ற மூன்று பத்திகளில் தடுக்கும் இடங்கள்: 'டூஸென்ட்ஷ்டுண்ட்' என்பதை 'ஆயிரம் மணி நேரம்' என்று எழுதியவர்கள் உண்டு. 'ஷ்டுண்ட்' இங்கே 'தடவை'. அவன் முத்தமிட்டது ஆயிரம் தடவை. முதல் பத்தியிலேயே வரும் 'ஷோனெ' என்றால் 'அழகாக', இன்றைய ஜெர்மனின் 'ஏற்கெனவே' அல்ல. இன்றைய ஜெர்மன் தெரிந்த பிள்ளைகள் கூட்டத்துக்கு வந்தால் இன்னும் சில: 'அரெபெய்ட்' என்றால் துன்பம், வேலை அல்ல. 'முவொட்' மனநிலை, துணிச்சல் அல்ல. 'க்ரங்க்' வலுவற்ற, நோயுற்ற அல்ல. 'ஹோக்கெட்ஸீட்' எந்தப் பெருவிழாவும் ஆகலாம், கல்யாணம் மட்டும் அல்ல. அகராதியைப் பார்க்காமல் இன்றைய பொருளை வைத்து ஓட்டினால் பத்தியே திசைமாறிவிடும்.

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. அந்தக் கால ஜெர்மனில் குறிலும் நெடிலும் கறாராக வேறு வேறு. இன்று 'ஸாகென்', 'லேபென்' என்று நீட்டும் சொற்கள் அன்று 'ஸகென்', 'லெபென்'. அச்சுப் பதிப்பில் உயிரெழுத்தின் மேல் கூரை மாதிரி குறி இருந்தால் நெடில், இல்லாவிட்டால் குறில். 'லியெப்' என்பதை லீப் என்று ஆக்காதீர்கள். இயும் எயும் வழுக்கிக்கொண்டு வரும். 'ப்ளுவொமென்' அப்படியே, ப்ளூமென் அல்ல. மெய்யெழுத்துக்கு முன் வரும் ஹகரம் தொண்டையில் உரசும்; அஃது, எஃகு சொல்லும்போது வருகிற ஆய்தத்தை நினைத்துக்கொண்டு 'நஹ்ட்' சொல்லிப் பாருங்கள். தொடக்கத்து ட்ஸகரம் 'ட்ஸ்வெய்', ஆனால் 'தஸ்' என்ற சொல்லின் இறுதியில் வெறும் ஸ்.

யாப்பிலும் ஒரு விந்தை. 'ஸகெ', 'டகெ' போல் குறில் இரண்டு சேர்ந்து வரியிறுதியில் வந்தால் அவர்கள் அதை ஓரசைச் சொல்லுக்கு நிகராக எண்ணுகிறார்கள். 'லிண்டென்', 'ஹெய்டெ' வந்தால் இரண்டாக எண்ணுவார்கள். குறிலிணை நிரையசை, மற்றது நேர்நேர் என்று தேமா, புளிமா படித்த யாருக்கும் இதை அரை நிமிடத்தில் விளக்கிவிடலாம். ஜெர்மன் மாணவர்களுக்கே இது மண்டைக் குடைச்சல். 'வல்டெ இன்' என்று எழுதியிருந்தாலும் 'வல்டின்' என்று சேர்த்துப் படியுங்கள், நாடு + இல்லை நாடில்லை ஆவது போல. பிரித்துப் படித்தால் ஏழாவது வரியில் ஓர் அசை கூடிவிடும்.

---

ஏடுபார்ப்பவன் எழுதியது:

திரையில் காட்ட ஆசைப்பட்டால் பெரிய ஹைடெல்பெர்க் பாட்டுச் சுவடியின் பக்கங்களை அந்தப் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கோடெக்ஸ் மானெஸெ என்பது அதுதான். 426 தோல் ஏடுகள், 140 புலவர்கள், 137 முழுப்பக்கப் படங்கள், ஏறத்தாழ 35 × 25 செ.மீ. சூரிச்சில் 1300 முதல் 1340 வரைக்குள் படிப்படியாக உருவானது. பாரிஸில் நெடுங்காலம் இருந்துவிட்டு 1888இல் ஹைடெல்பெர்க் திரும்பியது. வால்ட்டர் படம் 124ஆம் ஏட்டின் முன்பக்கம்: கல்லின் மேல் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, கன்னத்தைக் கையில் தாங்கியபடி.

அதைக் காட்டிவிட்டு 'இவர்தான் வால்ட்டர்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வால்ட்டர் 1230 வாக்கில் மறைந்துவிட்டார். படம் வரைந்தது அதற்கு இரண்டு மூன்று தலைமுறை கழித்து. 'கல்லின்மேல் அமர்ந்தேன்' என்று தொடங்கும் அவர் பாட்டு ஒன்றிலிருந்து ஓவியர் எடுத்துக்கொண்ட தோரணை அது. புலவர் வரிசையும் கால வரிசை அல்ல, அந்தஸ்து வரிசை: பேரரசர் ஆறாம் ஹைன்ரிஷ் முதலில், அப்புறம் அரசர்கள், பிரபுக்கள் என்று இறங்கும். மொய் எழுதுகிற நோட்டில் பங்காளி வரிசை பார்ப்பது போல.

வால்ட்டர் வாழ்ந்ததற்கு இலக்கியத்துக்கு வெளியே கிடைக்கும் ஒரே சமகாலச் சான்று ஒரு செலவுக் கணக்கு. பாஸாவ் ஆயர் வுல்ஃப்கரின் பயணக் கணக்கில் 1203 நவம்பர் 12 தேதியிட்டு, 'பாடகர் வால்ட்டருக்கு மென்மயிர்த்தோல் மேலங்கிக்கு 5 சொலிடி' (அக்காலக் காசுக் கணக்கு) என்று ஒரு வரி. பேரேடு பார்த்தே வளர்ந்த ஊரில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இந்தச் சுவடியில் மெட்டு ஒன்றுகூடக் குறிக்கப்படவில்லை. சொற்கள் மட்டும்.

---

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

எலுமிச்சையை வெட்டியாயிற்று. எதுகை யோசனைக்கு நன்றி, அண்ணே. மற்ற மூன்று பத்திக்கும் அதே வழியில் உட்கார்கிறேன். சுவடியில் மெட்டு இல்லை என்றால் பாடுகிறவர்கள் எதைப் பாடுகிறார்கள்? நம் பாடகி சுபபந்துவராளி என்கிறார், ஆதி தாளம்.

---

ஒற்றைச் சுருதி எழுதியது:

சுபபந்துவராளி வேண்டாம். சோகம் என்று முன்பே தீர்மானித்துவிட்ட ராகம். இந்தப் பாட்டு ஒரு மகிழ்ச்சிப் பாட்டு.

'உண்டர் டெர் லிண்டென்' பாட்டுக்கு மெட்டு எதுவும் எழுத்தில் வந்து சேரவில்லை. இன்று ஒலிப்பதிவுகளில் கேட்பது பெரும்பாலும் பழைய பிரெஞ்சுப் பாட்டு ஒன்றின் மெட்டு. பத்தி அமைப்பு ஒத்துப்போகிறது என்பதால் ஏற்றிப் பாடுகிறார்கள். அது ஊகம், அப்படியே சொல்லிப் பாடினால் தவறில்லை. யேனா நகரச் சுவடியில் 91 மெட்டுகள் இருந்தாலும் அவை பெரும்பாலும் அறம், அரசியல், பக்தி சார்ந்த பாட்டுகளுக்கு. காதல் பாட்டுக்கு மெட்டு கிடைப்பது அரிது.

வால்ட்டரின் வாயிலிருந்து வந்த மெட்டு ஒன்றாவது கேட்கவேண்டும் என்றால் 'பாலஸ்தீனப் பாட்டு' எடுத்துக்கொள்ளுங்கள். 1910இல் ம்யூன்ஸ்டர் நகரில் கிடைத்த ஓர் ஏட்டுத் துண்டில் அதன் மெட்டு முழுதாக இருக்கிறது. அது சிலுவைப் போர்ப் பயணப் பாட்டு, காதல் பாட்டு அல்ல. ஆனால் அதே இரண்டு கால் + முடிப்பு அமைப்பைக் காதால் பிடிக்க அதைவிட நல்ல பாடம் கிடையாது. பத்திக்கு ஏழு வரி. 1, 2ஆம் வரிகளின் மெட்டு 3, 4இல் திரும்ப வரும். 5, 6 புதியது. ஏழாவது வரியில் இரண்டாம் வரியின் மெட்டே மறுபடி வந்து முடித்துவைக்கும்.

சுர வரிசை டோரியன் என்கிற மோட். ச ரி2 க2 ம1 ப த2 நி2, நம் கரகரப்பிரியாவின் அதே ஏழு சுரம். பாடகிக்கு இது வசதியும் ஆபத்தும். சுரம் கைவசம் இருக்கும். ஆனால் ரி, க, நியில் கமகம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அது கரகரப்பிரியா ஆகிவிடும், ஜெர்மன் மெட்டு போய்விடும். எல்லாச் சுரத்தையும் ஆடாமல் நேராக நிறுத்தச் சொல்லுங்கள், சின்னக் குழந்தைக்குச் சரளி வரிசை சொல்லிக்கொடுக்கிற மாதிரி. ஏட்டில் ஓர் அசைக்கு இரண்டு மூன்று சுரம் சேர்த்து எழுதிய இடங்களில் மட்டும் வழுக்கலாம்.

தாளம் போடாதீர்கள். ஏட்டுக் குறியீடு சுரத்தின் உயரத்தைக் காட்டுகிறது, நீளத்தைக் காட்டவில்லை. நீளத்தைத் தீர்மானிப்பது சொல்லின் அழுத்தம். விருத்தம் பாடுகிற பழக்கம் அவருக்கு இருக்குமே, அந்த மனநிலைதான். ஆனால் விருத்தத்தின் ஆலாபனை வேண்டாம். ஆதி தாளத்தில் அடைத்தால் அழுத்தமில்லாத 'டெர்', 'அன்' போன்ற சொட்டுச் சொற்கள் சமத்தில் விழுந்து, முக்கியச் சொல் தாளத்துக்கு வெளியே தொங்கும்.

துணைக்கு என்ன வாசித்தார்கள் என்பது குறிக்கப்படவில்லை. சுருதிப்பெட்டி மெல்லியதாக ஒலித்தால் போதும். மிருதங்கம் கூடாது.

இடம் பற்றி ஒரு சொல். வளவில் பாடகியை முற்றத்து நடுவில் நிறுத்திவிடாதீர்கள், குரல் மேலே போய்விடும். பட்டாலை பக்கத்து நடையில், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி நிறுத்துங்கள். சுண்ணாம்பை மழமழவென்று தேய்த்த சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் ஒலியைத் திருப்பி அடிக்கும். ஜெர்மனில் 'நஹ்ட்', 'முண்ட்' என்று மெய்யெழுத்தில் முடியும் சொற்கள் நிறைய, எதிரொலி அந்த முடிவுகளை விழுங்கிவிடும். தரை முழுக்க ஜமக்காளம் விரியுங்கள். வேகத்தையும் வழக்கத்தைவிடக் குறைக்கச் சொல்லுங்கள். காலி வளவில் ஒத்திகை பார்த்துவிட்டு 'எதிரொலி அதிகம்' என்று பயப்பட வேண்டாம். ஐம்பது பேர் உட்கார்ந்ததும் பாதி அடங்கிவிடும்.

---

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

கைக்கிளை பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே.

ஒட்டுமொத்தமாக அந்தப் பெயர் வேண்டாம் தம்பி. ரைன்மார், ஹைன்ரிஷ் ஃபொன் மோருங்கென் போன்றவர்கள் பாடிய 'ஹோஹெ மின்னெ'யில் ('உயர்ந்த காதல்'), ஆண் வேண்டிக்கொண்டே இருக்கிறான், அவள் இறங்குவதில்லை. ஒருதலைக் காமம் என்பதால் கைக்கிளை நினைவுக்கு வருவது சரி. ஆனால் தொல்காப்பியம் கைக்கிளையில் வைக்கிற பெண் 'காமஞ் சாலா இளமையோள்'. மின்னெசாங்கின் பெண்ணோ 'ஃப்ரவுவெ', அந்தஸ்தில் மேலிருக்கும் சீமாட்டி. அவன் அவளுக்கு ஊழியம் செய்கிறவனாகத் தன்னை வைத்துக்கொள்கிறான். 'தியெனெஸ்ட்' (ஊழியம்), 'லோன்' (கூலி) என்று நிலப்பிரபுவுக்கும் அவனுடைய ஆளுக்கும் இடையிலான சொற்களாலேயே காதலைப் பேசுகிறான். அந்த ஏற்ற இறக்கம் கைக்கிளையில் கிடையாது. வால்ட்டரின் லிண்டன் பாட்டு இதற்கு நேர் எதிர்; அங்கே இருவரும் சமம், கூடல் நடந்தே முடிந்துவிட்டது. கைக்கிளை என்று அறிமுகம் செய்துவிட்டு இதைப் பாடினால் குறுந்தொகை தெரிந்தவர் உடனே எழுந்து கேட்பார்.

'ஹுவொடெ' என்றால் பெண்ணைக் காவலில் வைப்பது. நம் இற்செறிப்புக்குப் பக்கத்தில் வரும். 'மெர்கேரெ' ஒளிந்து பார்த்துக் கோள் சொல்கிறவர்கள். அலர் தூற்றுவோர் என்றால் பாதிதான் சரி, ஏனென்றால் அலர் ஊர்ப் பேச்சு, இவர்கள் வேவு ஆட்கள். இப்படிச் சொல்லுக்குச் சொல் எடைபோட்டு எடுங்கள், திணைப் பெயரை மொத்தமாக ஒட்டாதீர்கள்.

மோருங்கெனின் 'எல்பென்' (பார்வையால் மயக்கும் மாய உருவங்கள்) பாட்டின் முதல் பத்தி சேர்க்கலாம்: எல்பென் பார்வை பட்டுப் பலர் மயங்குவது போல நானும் பெருங்காதலால் மயங்கினேன் என்பது தொடக்கம். எல்பெனை 'மோகினி' ஆக்கினால் புளியமரத்தடிக் கதையாகிவிடும். 'அணங்கு' இருக்கிறது, வருத்துகிற அழகு, தெய்வமும் ஆகலாம் பெண்ணும் ஆகலாம். வேறு சொல் தேட வேண்டாம்.

ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் இரண்டு இடம் போதும். லிண்டன் பாட்டின் கடைசிப் பத்தியில், எங்களுக்குள் நடந்தது அவனுக்கும் எனக்கும் ஒரு சின்னப் பறவைக்கும் தவிர யாருக்கும் தெரியாது, அது காட்டிக்கொடுக்காது என்கிறாள். கபிலரின் குறுந்தொகை 25இல் சாட்சி ஆரல் மீனுக்குக் காத்து நின்ற குருகு மட்டும். அங்கே பறவை ரகசியத்துக்குத் துணை, அவள் சிரிக்கிறாள். இங்கே பறவை வாய்பேசாத சாட்சி, அவன் பொய்த்தால் கேட்க நாதியில்லை என்று அவள் நடுங்குகிறாள். ஒரே பறவையை வைத்து இரண்டு பெண்கள். இரண்டையும் எழுதியவர்கள் ஆண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

மற்றது விடியல் பாட்டு, இரவைச் சேர்ந்து கழித்த காதலர் விடிந்ததும் பிரிவது. டியெட்மார் ஃபொன் ஐஸ்டின் 'தூங்குகிறாயா' என்று தொடங்கும் மூன்று பத்திப் பாட்டில் அவர்களை எழுப்புவது லிண்டன் கிளையில் வந்தமர்ந்த பறவை. பிறகு வோல்ஃப்ராம் ஃபொன் எஷென்பாக் வரும்போது காவற்காரன் எழுப்புகிறான்: 'அதன் நகங்கள் மேகங்களுக்குள் பாய்ந்துவிட்டன'. விடியல் ஒரு விலங்கு. அள்ளூர் நன்முல்லைக்கு அது 'வாள்போல் வைகறை', குறுந்தொகை 157. விளக்கவே வேண்டாம். ஒன்றை வாசித்து, மூச்சு விட்டு, மற்றதை வாசியுங்கள்.

க்யூரென்பெர்கரின் வல்லூறுப் பாட்டை விட்டுவிடாதீர்கள், இரண்டே பத்தி. ஒரு வருடத்துக்கு மேல் வளர்த்துப் பழக்கி இறகில் பொன் சுற்றிய வல்லூறு வேறு நாட்டுக்குப் பறந்துபோகிறது. பருந்து, கழுகு என்று பெயர்க்காதீர்கள். வளர்த்து வேட்டைக்குப் பழக்குவது வல்லூறைத்தான். இதன் வடிவம் லிண்டன் பாட்டு மாதிரி அல்ல: நான்கு நீண்ட வரி, ஒவ்வொன்றும் நடுவில் முறியும். முறியும் இடத்தில் மூச்சு எடுக்காவிட்டால் உரைநடையாகிவிடும்.

வரிசை: வல்லூறு, அணங்கு, விடியல் பாட்டு இரண்டு, லிண்டன், கடைசியில் பாலஸ்தீனப் பாட்டின் ஒரு பத்தி. பேச்சுக்கு 20 நிமிடம் தாண்டாதீர்கள்.

---

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

ஆச்சி, வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டேன். இன்னொன்று: லிண்டன் இரண்டாம் பத்தியில் 'ஹேரெ ஃப்ரவுவெ' என்ற வரி. ஒரு பெயர்ப்பில் 'மாதாவே!' என்றும் இன்னொன்றில் 'சீமாட்டியைப் போல' என்றும் இருக்கிறது. எது சரி?

---

குறில்நெடில் எழுதியது:

இரண்டுக்கும் இடம் உண்டு, சண்டை இன்னும் ஓயவில்லை. 'அங்கே என்னை வரவேற்றான்' என்ற வரிக்கும் 'என்றென்றும் பாக்கியவதி ஆகும்படி' என்ற வரிக்கும் நடுவில் அந்த இரண்டு சொல் மட்டும் தொங்குகிறது. வியப்பில் மாதாவைக் கூப்பிடுகிறாள் என்று படிக்கலாம். சீமாட்டிக்குரிய மரியாதையோடு வரவேற்றான் என்றும் படிக்கலாம். அப்படிப் படித்தால் 'ஃப்ரவுவெ' என்ற அரசவைச் சொல்லை வெட்டவெளியில் பூப்படுக்கை போட்ட ஒரு பெண்ணுக்குச் சூட்டுகிறார் வால்ட்டர், அதில் ஒரு குறும்பு இருக்கிறது.

தமிழில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் சொல் 'தாயே'. தெய்வத்தையும் கூப்பிடலாம், மதிப்புக்குரிய பெண்ணையும் விளிக்கலாம். ஆனால் காதலன் வாயில் அது பொருந்தாது என்பதால் இரண்டாவது பொருள் செத்துப்போகும். 'மகராசி' போட்டுப் பாருங்கள். 'வரவேற்றான், மகராசி, வாழ்நாளெல்லாம் பூரிக்க'. அவன் அவளை அப்படி அழைத்தானா, அவளே தன்னை வியந்து சொல்லிக்கொண்டாளா என்று தெரியாமல் நிற்கும். மாதாவைக் கூப்பிடும் பொருள் போய்விடும், அதை வாயால் சொல்லிவிட வேண்டியதுதான். முன்னும் பின்னும் காற்புள்ளி கட்டாயம். அச்சுத் தாளில் அதை விட்டுவிட்டால் 'வரவேற்றான் மகராசி' என்று அவளே வரவேற்ற மாதிரி ஆகிவிடும்.